அட்டைக்கடி என்று நினைத்த காயம்

மழை பிடித்துவிட்டால், இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லார் காலிலும் இரத்தம் இருக்கும். அட்டைக்கடிதான். தோட்டத்து டாக்டரான நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்ததில்லை. துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

அப்படியொரு காலையில், கொழுந்து எடுக்கும் பார்வதி இருமல் மருந்துக்கு வந்தாள். என் காலைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, குதிகால் பக்கம் ரத்தமா இருக்குங்க."

"அட்டைதாம்மா. ஒங்கள மட்டுந்தான் கடிக்குமா?" என்று சிரித்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டில் கால் கழுவும்போதும் அட்டைக்கடி என்றே ஸ்பிரிட் தடவினேன். உண்மையில் சப்பாத்துக்குள் ஓர் ஆணி கிளம்பியிருந்தது. மறுநாளும் அதே சப்பாத்தோடு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாக ஏறினேன்.

வலிக்கவில்லை. பல வருடச் சர்க்கரை வியாதியால் எனக்கு நரம்புச் சேதம் (பாதம் மரத்துப்போய் வலி தெரியாதிருப்பது) வந்திருந்தது. "தெனமும் காலப் பாருங்க" என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய்தான் இது.

காய்ச்சல் வந்து பாதம் கறுத்த பிறகுதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். திசு அழுகல் (இரத்த ஓட்டமின்றிச் சதை செத்துப்போவது) என்றார், யாழ்ப்பாணத்து இளம் சத்திரசிகிச்சை நிபுணர்.

"சேர், முழங்காலுக்குக் கீழ எடுக்கவேணும். கொஞ்சம் முந்தி வந்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம்."

முந்தி வந்திருந்தால்! இதை எத்தனை பேரிடம் நானே சொல்லியிருப்பேன். கேட்பவனுக்கு அது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது.

"அடுத்தவங்க காலுக்கு இருந்த கண்ணு ஒங்க காலுக்கு இல்லாமப் போச்சே" என்று என் மனைவி சரோஜா அழுதாள்.

காலை எடுத்தார்கள். காயம் ஆறியது. பொய்க்கால் பழகிவிட்டது. ஆனால் முன்பு மதியத்துக்குள் மலையையே சுற்றி வந்த எனக்கு, இப்போது கட்டிலிலிருந்து வாசலுக்கு வரவே காலைப்பொழுது சரியாகிறது. மேல் லயத்தில் யாருக்கோ பிரசவ வலி என்றால், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கால் போனதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் காலை உங்கள் கண்ணுக்கு மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பார்வதி கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பாள். மிச்சமுள்ள காலை ஸ்டூலில் தூக்கி வைப்பேன். போன வாரம் பெருவிரலை அழுத்தினாள்.

"வலிக்குதுங்களா ஐயா?"

"தெரியலம்மா. நீதான் பாத்துச் சொல்லணும்" என்றேன்.