கோட்டை வாசலில் இரண்டு கேள்விகள்

டெக்சாஸ் வெயிலில் கம்பளித் தொப்பியோடு நிற்க வேண்டுமென்று யாருக்காவது தலையெழுத்து உண்டா? வாஞ்சிநாதனுக்கு இருந்தது. அதுவும் அவராகத் தேடிப் போய் வாங்கிக்கொண்டது. பிளானோவில் முப்பது வருஷம் டெலிகாம் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதி ரிட்டயரான மனிதர், சனி ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் காரோட்டிப் போய், பழைய இங்கிலாந்தை வேஷம் கட்டிக் காட்டும் ஒரு திருவிழாவில் கோட்டைக் காவலனாக நின்றார். கையில் ஒரு மர ஈட்டி வேறு.

காசுக்காக இல்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். மனைவி அபயாம்பாள் போய் இரண்டு வருஷமாகிறது. வார நாட்களில் அவரிடம் வாய் திறப்பது இந்தியன் ஸ்டோரில் பில் போடும் பெண் ஒருத்திதான். அவளும் "பேக் வேணுமா அங்கிள்?" என்பதோடு சரி. கோட்டை வாசலில் அப்படியில்லை. வருகிறவர்களையெல்லாம் மறித்து அவர் இரண்டு கேள்வி கேட்பார், அவர்களும் நின்று பதில் சொல்வார்கள்.

"வென்ஸ் கமெஸ்ட் தௌ? விதர் கோயெஸ்ட் தௌ?" எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய்.

பயிற்சி வகுப்பில் பெக்கி என்ற அம்மாள் இதை விளக்கினாள். நானூறு ஐநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ்காரனுக்கு இங்கே இருப்பதற்குத்தான் ஹியர். இங்கே வருவதென்றால் ஹிதர், இங்கிருந்து கிளம்புவதென்றால் ஹென்ஸ். அங்கே என்பதற்கு தேர், திதர், தென்ஸ். எங்கே என்பதற்கு வேர், விதர், வென்ஸ். மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். வாஞ்சிநாதனுக்குச் சிரிப்பு வந்தது. நம்முடைய இ, அ, எ தானே இது! இங்கே, அங்கே, எங்கே என்று நாம் முதலெழுத்தை மாற்றுகிற மாதிரியே இவர்களும் செய்திருக்கிறார்கள். அப்புறம் சோம்பல் வந்து, போவதற்கும் வருவதற்கும் ஹியர், தேர், வேரே போதும் என்று விட்டுவிட்டார்கள். ஹென்ஸ் மட்டும் 'ஆகவே' என்ற வேஷத்தில் ஆபீஸ் ஈமெயில்களில் பிழைத்துக் கிடக்கிறது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடிப்போடு வீடு வந்தார். வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்தான் இருந்தது.

முப்பது வருஷமாக அமெரிக்கா அவரைக் கேட்ட கேள்வி, நீ எந்த ஊர் என்பது. இப்போது அவர் அமெரிக்காவைக் கேட்டார். அதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்தது.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஜெர்சி சிட்டியில் வேலை பார்க்கும் ஒரே மகள் ஸ்ம்ருதி, "அப்பா, இங்க வந்துடு" என்று சொல்ல வேண்டும். தானாகக் கேட்க ரோஷம் விடவில்லை. ஆனால் கராஜைக் காலி செய்தார், சோபாவை விற்றார், வீட்டையும் விற்கப் போவதாக அவள் காதில் ஜாடையாகப் போட்டு வைத்தார். திருவிழாவின் கடைசி வாரத்தில் அவளே போன் செய்தாள். "நேர்ல ஒண்ணு பேசணும்ப்பா. சண்டே உன் ஃபெஸ்டிவலுக்கே வந்துடறேன்." மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சூட்கேஸைத் துடைத்துக்கூட வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் வந்து நின்றாள். ஈட்டியைக் குறுக்கே நீட்டி, "வென்ஸ் கமெஸ்ட் தௌ?" என்றார்.

"ஜெர்சி சிட்டி, மை லார்ட்!" என்று அவள் குனிந்து வணங்கினாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"விதர் கோயெஸ்ட் தௌ?" மீசையை முறுக்கிக்கொண்டு கேட்டார்.

அவள் சிரிப்பு நின்றது. "லண்டன்ப்பா. ட்ரான்ஸ்ஃபர் அக்செப்ட் பண்ணிட்டேன், அடுத்த மாசம். உள்ள போய் உக்காந்து சொல்லலாம்னு இருந்தேன். நீ கேட்டதும் பொய் சொல்ல வரல."

"அட, நிஜ இங்கிலாந்துக்கேவா!" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முகம் ஒத்துழைக்கவில்லை.

"வீட்டை விக்கப் போறேன்னியே, நீ எங்கப்பா போகப் போறே?"

சீசன் முழுக்க ஊரையெல்லாம் மறித்து அவர் கேட்ட கேள்வி. காவலனைக் கேட்டால் என்ன பதில் என்று பெக்கி சொல்லித் தரவில்லை.

ஈட்டியை விலக்கி மகளுக்கு வழிவிட்டார். அடுத்து ஒரு குடும்பம் காத்திருந்தது. "வென்ஸ் கமெஸ்ட் தௌ?" என்று உரக்கக் கேட்டார். ஹூஸ்டன் என்றார்கள். சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு அடுத்த கேள்விக்காக நின்றார்கள். வாஞ்சிநாதனால் அதைக் கேட்க முடியவில்லை.