நில அதிர்வை நம்பி ஓட்டிய போர்

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் என் தங்கை குடும்பத்தின் தோட்டக் காட்டில் ஓர் ஆழ்துளைப் போர் இருந்தது. தினமும் முக்கால் மணி நேரம் தண்ணீர் தரும்; பிறகு காற்றுதான் வரும். அறுபது தென்னங்கன்றுகளும் இரண்டு எருமைகளும் பிழைத்திருந்தது அந்த முக்கால் மணி நேரத்தால்.

ஒரு நாள் காலை லேசான நில அதிர்வு. அடுக்களையில் டம்ளர்கள் ஒலித்தன, அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கு அது போதவில்லை. நாடே அப்பளம் போல உடைந்து நகரும் படத்தை மாலைவரை ஓட்டினார்கள்.

மறுநாள் தங்கையின் கணவர் என் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் செய்தார். பூமித்தட்டு நகர்ந்ததில் அடிப்பாறை விரிசல் விட்டிருக்குமாம், அதில் தண்ணீர் இறங்கியிருக்குமாம். ஊர் முந்துவதற்குள் பழைய போரை இன்னும் ஆழமாக்க, துளை போடும் ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டாராம். தட்டு நகர்வது நகம் வளரும் வேகத்தில், அதன் விளிம்பு இமயமலைப் பக்கம், நம் காலடியில் இருப்பது என்றோ இறுகிய பாறை, ஆழம் போகப்போக விரிசல் குறையும் என்றேன். தண்ணீர் தரும் போரைத் தொடாதீர்கள் என்றும் சொன்னேன்.

"ஏனுங்க மச்சான், பேப்பர் ஆபீசுல உக்காந்தா பாறைக்குள்ள தெரியுமுங்களா?"

நியாயமான கேள்வி. டிவி முன்னால் உட்கார்ந்தால் தெரியும் என்பது அவர் கட்சி.

ரிக் வந்த அன்று போனேன். மோட்டாரை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். எலுமிச்சம்பழம் நறுக்கிக் கற்பூரம் காட்டினார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்டங்கள் நகர்வது பற்றி ரிக் டிரைவரிடம் சந்தேகம் கேட்டார்கள். அவரும் தயங்காமல் தீர்த்துவைத்தார். பழைய ஆழத்தைத் தாண்டியதும் வந்தது வெறும் சாம்பல் தூசி. மதியத்துக்கு மேல், மேலிருந்து பெயர்ந்த கல் ஒன்று விழுந்து துளையிடும் சுத்தியல் இறுகிக்கொண்டது. பொழுது சாயும்வரை இழுத்துப் பார்த்தார்கள். பிறகு மேலே வந்த மட்டும் குழாய்களைக் கழற்றிக்கொண்டு, சுத்தியலை உள்ளேயே விட்டுவிட்டுப் போனார்கள். இனி அதில் மோட்டார் இறங்காது.

"தட்டு நகுந்துச்சோ என்னமோ போங்ணா. நாளைக்கு இதுகளுக்கு எங்க போய்த் தண்ணி காட்டறது?" என்றாள் தங்கை, எருமைகளைப் பார்த்தபடி.

அவள் கணவர் காதில் அது விழவில்லை. அதிர்வு இன்னும் கொஞ்சம் பலமாக வந்திருந்தால் பாறை வழிவிட்டிருக்கும் என்று நாற்காலிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த வாரச் சந்தையில் எருமைகளை விற்றார்கள். தென்னங்கன்றுகளுக்கு யாரும் விலை கேட்கவில்லை.