பல் டாக்டரின் நூல் நிலையம்

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பின்னல் நூல்கண்டைத் தாடைக்குக் கீழே, கழுத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார் டாக்டரம்மா. அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. கடைக்காரர் மூச்சைக்கூட அளந்துதான் விடுகிறார். ஊக்கு வாங்க வந்த ஒரு பெண்மணி, இவருக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்ற கவலையோடு என்னைப் பார்க்கிறார். இல்லை என்று நான் தலையசைக்கிறேன். கடைசியில் டாக்டரம்மா கண்ணைத் திறந்து கண்டைத் திருப்பிக் கொடுக்கிறார்.

“வேணாம். இது நல்லவன் மாதிரி நடிக்குது.”

கையால் தொட்டுப் பார்த்து நூல் வாங்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பரிதாபம். “கை காய்ச்சுப் போயிருக்கும். எதைத் தொட்டாலும் மெத்துன்னு இருக்குன்னுதான் சொல்லும். கழுத்துக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. குத்தினா குத்துதுன்னு சொல்லிடும்.” சொல்லிவிட்டு, சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக என் கழுத்திலும் ஒரு கண்டை வைத்து அழுத்துவார். கடைத்தெருவில் இதற்கெல்லாம் வெட்கப்படுவதை நான் விட்டுவிட்டேன்.

தொழில் பல் வைத்தியம். மருத்துவமனை கீழே, வீடு மாடியில், நான் எதிர்வீடு. அவரிடம் பல் பிடுங்கிக்கொள்ளப் போனவர்களுக்குத் தெரியும்: நாற்காலியில் சாய்ந்ததும், துவைத்து வைத்த ஒரு நூல்கண்டைக் கையில் திணிப்பார். பயம் தெளிவதற்காக என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்து, ஒருமுறை நன்றி சொன்னேன்.

“பயத்துக்கா? அதுக்கு ஊசி இருக்கே. நசுக்கினா நூல் திரும்ப எழும்புதா, இல்ல செத்துப்போகுதான்னு பாக்கத்தான். நீங்க நல்லா நசுக்குறீங்க. அடுத்த வாரமும் வாங்க.”

நூலைப் பற்றிப் பேசும்போது அவர் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறாரோ என்று குழப்பமாக இருக்கும். பருத்தி நூல் தேர்தலில் நிற்கிற ஆளாம். இழுத்த பக்கமெல்லாம் வரும், பழைய இடத்துக்கு மட்டும் திரும்பாது. புசுபுசுவென்று மயிர் சிலிர்த்துக்கொண்டிருக்கும் நூல் வாயாடி. மடியில் கிடந்தாலும் மூக்குக்குள் வந்து பேசும். முரட்டுக் கம்பளி மட்டும் யோக்கியன். முதல் நாளே குத்திவிடுவதால் ஏமாற்றம் கிடையாது. செயற்கை நூலைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அக்ரிலிக் அலமாரிப் பக்கம் போனால் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு நடப்பார். “தெர்மாகோலைச் சுவத்துல தேய்ச்ச மாதிரி கீச்சுங்குது. எனக்கே பல் கூசுது.”

வாங்கியதை எல்லாம் பின்னி முடிக்கிறாரா என்றால், அது வேறு விஷயம். பின்னுவது ஒரு பங்கு என்றால், எடுத்துப் பார்ப்பது, முகர்வது, வெயிலில் பிடித்து நிறம் பார்ப்பது, பக்கத்துப் பக்கத்தில் வைத்து எது எதோடு சண்டை போடுகிறது என்று கவனிப்பது எல்லாம் சேர்ந்து மிச்சப் பங்கு. நூல் அலமாரியில் தொடங்கி, பெட்டிகளுக்குப் பரவி, அடுப்பங்கரைக்குள் நுழைந்து, கணவரின் ஹெல்மெட்டுக்குள்ளும் குடியேறியது. அவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். கம்பளி பட்டால் தும்முவார். தும்மிக்கொண்டே வாழ்கிறார்.

அவர்தான் ஒருநாள், புதிதாகக் குடிவந்த பேராசிரியரிடம், “நம்ம வீட்ல எங்க திரும்பினாலும் நூல்தான் சார்” என்று சொல்லி வைத்தார். மறுநாளே பேராசிரியர் முகம் மலர மாடியேறி வந்து, படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன், ஒரு நல்ல நூல் கொடுங்கள் என்று கேட்டார். டாக்டரம்மா அவர் கழுத்தைக் கூர்ந்து பார்த்து, யோசித்து, கடுகு நிறத்தில் ஒரு கண்டை எடுத்துக் கொடுத்தார். மறுக்கத் தெரியாத மனிதர், அதை வாங்கிக்கொண்டு போனார். இன்றுவரை அதை என்ன செய்வதென்று அவருக்கு விளங்கவில்லை.

இத்தனை தேர்ச்சியும் ஒரு தோல்வியிலிருந்து வந்தது. கல்யாணமான புதிதில், கணவரின் அக்காவுக்கு, அதாவது தன் நாத்தனாருக்கு, அவர் ஆசை ஆசையாக ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். நூலை நிறம் பார்த்து வாங்கியிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் குடும்பத்தோடு புகைப்படம் எடுக்க நின்றார். படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் முதுகைச் சொறிகிறார். இன்னொரு படத்தில் கழுத்தை. “அவ குடுத்தது ஸ்வெட்டர் இல்ல, முள்ளம்பன்றி” என்று சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போனது. அதன்பிறகு இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும், “உன் பொண்டாட்டிகிட்ட காப்பி ஆறுதுன்னு சொல்லுடா” என்பார் நாத்தனார். “ஆறினாத்தான் பல்லுக்கு நல்லதுன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க” என்பார் டாக்டரம்மா. வாத்தியார் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

போன வருடம் அந்த நாத்தனாருக்கு உடம்புக்கு வந்தது. சாதாரணமாக வருகிற நோய் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி இங்கேதான் பக்கம் என்பதால் தம்பி வீட்டிலேயே தங்கிச் சிகிச்சை. மருந்து ஏற ஏற முடி கொட்டியது. மண்டைத்தோல் புண்ணாகி, தலையணை பட்டாலே எரிந்தது. கடையில் வாங்கிய குல்லா அறுத்தது. துணி கட்டினால் நழுவியது. “தலை குளிருதுன்னு யாருகிட்டயும் சொல்லிடாதடா” என்று தம்பியிடம் சொன்னார். தம்பி நேராகப் போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னார்.

டாக்டரம்மா பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொரு நூலிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, தன் ரவிக்கைக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு நோயாளிகளைப் பார்த்தார். சாயங்காலம்வரை உறுத்தாத துண்டு மட்டும் மாடிக்குப் போகும். அந்த வாரம் எனக்குப் பல் அடைத்தபோது, அவர் குனியும்போதெல்லாம் ஒரு நீலச் சதுரம் எட்டிப் பார்த்தது. வழக்கமாகப் பேசுகிற மனுஷி வாயே திறக்கவில்லை. வாய் திறந்திருந்தது நான்தான்.

முதலில் போனது மெரினோ ஆட்டுக் கம்பளி, அவருடைய செல்லப்பிள்ளை. நாத்தனார் அதை நெற்றியில் வைத்துப் பார்த்து, “எறும்பு ஊருது” என்றார், சுவரைப் பார்த்து. அடுத்தது அல்பாக்கா.

“இது என்ன, ஆடா?”

“ஆடில்ல, அண்ணி. ஒட்டக ஜாதி.”

“தலையில ஒட்டகத்தக் கட்டிக்கச் சொல்றியா?”

வாத்தியார் தும்மலை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அவரை நடுவில் வைக்காமல் இருவரும் பேசி எத்தனையோ வருடமாகிறது. அவர் சத்தம் போடாமல் எழுந்து நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாராம்.

பருத்தி, நனைந்த துண்டைப்போலக் கனத்தது. மூங்கில் நூல் பட்டுப்போல இருந்தது, ஆனால் நிற்கவில்லை. “வழுக்குதும்மா” என்றார் நாத்தனார். கொஞ்சம் நிறுத்தி, “வழுக்கைக்கு வழுக்கையே ஜோடியா?” என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கணவனும் மனைவியும் விழித்தார்கள். நாத்தனாரே முதலில் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, டாக்டரம்மா முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

உடம்பு கொஞ்சம் தெம்பாக இருந்த ஒரு காலையில், நாத்தனார் தானே கடைக்கு வருகிறேன் என்றார். நானும் துணைக்குப் போனேன். டாக்டரம்மா உயர்ந்த ரகங்கள் இருக்கும் உள் அலமாரிக்குப் போவதற்குள், நாத்தனார் வாசலோரக் கூடையில் கைவிட்டு ஒரு கண்டை எடுத்துவிட்டார். செயற்கை நூல். நிறம், கண்ணில் அறைகிற ரோஸ். அதை நெற்றியிலும் கன்னத்திலும் வைத்துப் பார்த்தார்.

“இது போதும்.”

“அண்ணி, அது பிளாஸ்டிக்.”

“இருக்கட்டுமே. லேசா இருக்கு, உறுத்தல.”

“அக்ரிலிக் அண்ணி அது. அதப் போய் யாராவது தலையில...”

“ஏம்மா டாக்டர், நீ ஊர்ல இருக்கிறவங்க வாய்க்கெல்லாம் பல்செட்டு கட்டுறியே, அது எதுல?”

கடைக்காரர் திடீரென்று கல்லாவைத் துடைக்கத் தொடங்கினார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஊக்குகளைப் பார்த்தேன்.

“அக்ரிலிக்லதான்” என்றார், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களைப் போல, பல் டாக்டர்கள் மட்டுமே புரிந்துகொள்ளக்கூடிய சின்னக் குரலில்.

“வாய்க்கு ஆகுது, மண்டைக்கு ஆகாதா? போட்டுக் குடு.”

போட்டார். ஊசியில் நூல் கீச்சிடும்போதெல்லாம் கண்ணை இறுக்கிக்கொண்டு பின்னியதை நான் நேரில் பார்த்தேன். மூட்டுத் தையல் உறுத்தும் என்று, மூட்டே இல்லாமல் வட்டமாக ஏற்றினார். உச்சியில் ஒரு முடிச்சு வந்துவிட்டது என்று பாதியைப் பிரித்தார். “மறுபடியும் குத்திச்சுன்னா?” என்று ஒரே ஒருமுறை கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

கொடுத்த அன்று அறைக்குள் நிற்காமல், வாசலில் நின்று ஸ்விட்ச்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாராம். நாத்தனார் குல்லாவைப் போட்டுக்கொண்டார், படுத்தார், தூங்கிவிட்டார். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. எழுந்ததும் இவருக்குப் பொறுக்கவில்லை.

“எப்படி இருக்கு, அண்ணி?”

“எது?”

“குல்லா.”

நாத்தனார் தலையைத் தொட்டுப் பார்த்தார். “அட, போட்டிருக்கேனா!”

உலகத்தில் ஒரு நூலுக்குக் கிடைத்த மிகப்பெரிய பாராட்டு இதுதான் என்று டாக்டரம்மா என்னிடம் வந்து சொன்னார். ரோஸ் அக்ரிலிக்குக்கு அது கிடைத்ததில்தான் கொஞ்சம் வருத்தம்.

சிகிச்சை ஒருவழியாக முடிந்தது. நாத்தனார் குல்லாவைக் கழற்றுவதாக இல்லை. ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும், “என் தம்பி பொண்டாட்டி போட்டது. டாக்டர். பல்லுக்கு” என்று சொல்லி, காட்டுவதற்காகத் தலையைக் குனிந்தாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போனபோது, அந்த அம்மாள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் குல்லாவைத் திருடி வந்து, சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்தார் டாக்டரம்மா. முக்குவதற்கு முன் உட்புறத்தைத் திருப்பியவர் சட்டென்று நின்றார். ஒரு கண்ணியில் ஏதோ கறுப்பாகச் சிக்கியிருந்தது. நூல் பிசிராக இருக்கும் என்றேன். கீழே போய் இடுக்கியை எடுத்து வந்தார். ஜன்னலருகே கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

நகக்கண் அளவுக்கு ஒரு முடி. புதிது.

இடுக்கியை ஜன்னல் திட்டில் வைத்தார். முடியைப் பிடுங்காமல், குல்லாவின் உட்புறத்தை மறுபடி உள்ளே திருப்பி, துவைக்காமல் கொண்டுபோய், இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வந்தார்.