சவுக்குத் தோப்பு ஊற்றில் நான் செய்த வேலை

ரப்பர் நிப்பிள் கொதிக்கும் வாசனை... எழுபதுகளை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அதுதான். எழுத இத்தனை வயசாகிவிட்டது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்த ஆரம்பப் பள்ளியில் என் கணவர் வாத்தியார். எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் எட்டு மாதப் பையன் ரவி, தலைக்குள் பி.எஸ்ஸி. படிப்பு. காலேஜ் மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரைப் பார்த்தவள்... அதற்கப்புறம் எந்தத் தண்ணீரிலும் ஏதோ நெளிவதாகவே தோன்றும். பாட்டில், நிப்பிள், ஸ்பூன், எல்லாம் கொதிக்கும்.

பக்கத்து வீட்டு தேசம்மாவுக்கும் என் வயதுதான். மீன் கூடை தூக்குகிறவள். அவள் பெண் மணலில் புரண்டு, மணலையே தின்று, கொழுகொழுவென்று இருக்கும்.

"இன்னா வாத்தியாரம்மா, தண்ணிய வேவ வச்சு வேவ வச்சு சோறாக்கப் போறியா?" என்பாள்.

குடிதண்ணீர் சவுக்குத் தோப்பு ஊற்றில். ஊற்று என்றால் மணலில் இடுப்பளவு பள்ளம், அவ்வளவுதான். பெண்கள் இறங்கிக் குந்தி, கொட்டாங்கச்சியால் மேலாக மோந்து மோந்து குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைந்ததும் கொஞ்ச நேரம் கதை. அப்புறம்தான் அடுத்த குடம். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. அத்தனை பேர் கால் வைக்கிற தண்ணீர் வேறு...

அந்த வெயில் காலத்தில் ரவிக்கு வயிற்றுப்போக்கு. திருக்கழுக்குன்றத்து டாக்டர் மருந்து கொடுத்து, "தண்ணி மட்டும் விடாம கொடுங்கம்மா. உடம்பு வத்திடக் கூடாது" என்றார். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

குற்றம் அந்த மேல் தண்ணீரில்தான் என்று முடிவு கட்டினேன். மதியம் சாப்பிட வந்த கணவரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, பள்ளித் தோட்டத்து மண்வெட்டியோடு தோப்புக்குப் போனேன். ஆள் அரவமில்லை. ஊற்றில் இன்னும் ஒரு முழம் ஆழம் தோண்டினேன். குபுகுபுவென்று வந்தது பாருங்கள்... கண்ணாடி மாதிரி! கொட்டாங்கச்சி எதற்கு? வாளியாலேயே அள்ளினேன். ஏதோ கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தேன்.

மறுநாள் விடியலில் தோப்பில் ஒரே கூச்சல்.

"எவடி ஊத்த தோண்டினது? வாய்ல வைக்க முடியல, கடலாட்டம் கரிக்குது!"

குடத்தோடு நானும் போய் நின்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டில் பானை காலி, குழந்தைக்குத் தண்ணீர் இவர்களிடம்தான் கேட்டாக வேண்டும்... "நான்தான்" என்றேன்.

"படிச்சவ வேலைய பாத்தியாடி!" என்றாள் ஒருத்தி.

தேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயே... கீழ கடல் படுத்துகினு கீது வாத்தியாரம்மா. அதும்மேல நம்ம நல்ல தண்ணி படுத்துகினு கீது. அதான் நாங்க நோவாம மேலயே மோக்கறோம். நீ போய் கீழ கீறவள குத்தி எழுப்பிட்டியே!"

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி! உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். என் காலுக்கடியில் அது இருப்பது தெரியவில்லை. அவர்கள் குடத்துக்குக் குடம் நடுவில் உட்கார்ந்து கதை பேசியது, மேல் தண்ணீர் ஊறிவரக் காத்திருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

குழியில் மணலைத் தள்ளி மூடினார்கள். மறுபடி ஊறப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அடுத்த குப்பத்து ஊற்று ஒரு மைல், சுடு மணலில்.

ஆனால் தினமும் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் இருக்கும். ஒருநாள் பித்தளை, ஒருநாள் ஈயம் பூசியது, ஒருநாள் நசுங்கிய அலுமினியம். யார் வைத்தது என்று தெரியாது. கொதிக்கவைத்து, ஆற்றி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ரவி வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

நல்ல செய்தி சொல்ல தேசம்மா வீட்டுக்கு ஓடினேன். மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள், "நீயும் ரெண்டு வாய் குடி, மூஞ்சி வாடிக் கீது" என்று எனக்கும் ஊற்றினாள். ஒரு வாய்தான். உப்புக் கரித்தது.

"உப்பு ஜாஸ்தியாயிடுச்சு தேசம்மா..."

"நான் எங்க போட்டேன்?" என்று சிரித்தாள். "ரோட்டாண்ட கெணத்துத் தண்ணி. பொங்கறதுக்கு அது போதும். நடந்து எடுத்தாற நல்ல தண்ணி குடிக்கத்தான் கீது. ஒன் கொயந்த தேறட்டும், அப்பால பாத்துக்கலாம்."

அவள் பெண் அந்தக் கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஒரு மைலை நானும் அவர்களோடு நடந்தேன். திட்டிக்கொண்டேதான் கூட்டிப்போனார்கள்!

இன்று ஊரப்பாக்கத்தில் ஃப்ளாட். மூன்றாவது மாடியில் குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. அது இல்லாவிட்டால் லாரி, அதுவும் இல்லாவிட்டால் கேன். சௌகரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சில நாள் பாத்திரம் கழுவும்போது கை தானாகக் குழாயைச் சின்னதாக்கிவிடுகிறது... இது எந்த ஊர் மண்ணுக்கடியிலிருந்து வருகிறதோ, இதனால் எந்த வீட்டுக் கஞ்சி கரிக்கிறதோ. அன்று தேசம்மா வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துப் பார்க்க முடிந்தது.