கரன்ட் வருவதற்கு முன்

போடியில் மாடி அறையில் உட்கார்ந்து நான் பார்ப்பது காவல் வேலைதான். ஒரே கோப்பைப் பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் பிரதி எடுத்து வைத்து, தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது கைதவறி அழித்துவிட்டாலும் ஒரு மாதம் வரை அது குப்பைத்தொட்டியில் கிடக்கும்படி கம்பெனிக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். என் வீட்டில் அந்தக் குப்பைத்தொட்டி இடத்தை அடைக்கிறது என்று நிறுத்தி வைத்திருந்தேன். ஊருக்குத்தானே உபதேசம்.

என் தங்கையின் வீட்டுக்காரர் குரங்கணிக்கு மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தார். வாரம் முழுக்க மலையில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருவார். இடையில் தினமும் சாயங்காலம் போனில் பேசிப் பதிவு செய்து அவளுக்கு அனுப்புவார். மழை பெய்ததா, காய் எப்படி, பிள்ளை என்ன செய்கிறாள், இவ்வளவுதான் விஷயம். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து, ஜீப் ஏற்றுவதற்குள் போய்விட்டார். அந்தப் பேச்செல்லாம் தொலையக்கூடாது என்று அவள் போனிலும், என் வீட்டில் கோப்புகளைச் சேமிக்கிற டிஸ்க் பெட்டியிலும், அவருக்காக நான் தோட்டத்து ஸ்டோரில் வைத்திருந்த சின்னப் பெட்டியிலுமாக மூன்று இடத்தில் இருக்கும்படி இணைத்துக் கொடுத்தேன். "மூணு இடத்துல இருக்கு ஆத்தா, எமனே வந்தாலும் அழிக்க முடியாது" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து நின்றாள்.

"அண்ணே, அவரு பேசினத உன் பெட்டியிலருந்து போன்ல ஏத்திக் குடு. பிள்ளை ஸ்கூல்ல ஆடுறத வீடியோ எடுக்க இடம் பத்தல. போன்ல இருந்ததச் சனிக்கிழமை கழிச்சு விட்டேன்."

பெட்டியைத் திறந்தேன். அவர் பெயரில் ஒன்றுமே இல்லை. எனக்கு முன்கோபம் உண்டு. "அறிவிருக்கா ஒனக்கு? எல்லாத்தையும் அழிச்சுட்டு வந்து நிக்கிற!" என்று கத்திவிட்டேன்.

"கழிச்சாக் கூடையில கெடக்கும்லண்ணே?" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிறவள். முறத்திலிருந்து கழித்த வெடிப்புக் காயும் சின்னக் காயும் பக்கத்துக் கூடைக்குப் போகும். சாயங்காலம் அந்தக் கூடையைக் கொட்டி இன்னொரு முறை பொறுக்குவார்கள். காய்க்குள்ளிருந்து உதிர்ந்த ஏல அரிசியை வாங்கக்கூட ஆள் வரும். ஏலக்காயில் கழித்தது எதுவும் தொலைவதில்லை. நான் இணைத்து வைத்ததிலோ ஓரிடத்தில் கழித்தால் மூன்று இடத்திலும் போய்விடும். பிரதி வேறு, பாதுகாப்பு வேறு என்று கம்பெனியில் படம் போட்டு வகுப்பெடுக்கிற நான், கூடப்பிறந்தவளுக்கு அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தியதற்கு அன்று வெட்கப்பட்டேன், இன்றும் படுகிறேன்.

டிஸ்கைத் தோண்டிப் பார்த்தேன். முந்தின நாள்தான் அதில் கம்பெனிக் கோப்புகளைக் கொட்டியிருந்தேன், பழைய தடமெல்லாம் மூடிவிட்டது. அப்புறம்தான் மலைப் பெட்டி ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைக் காற்றில் மரம் விழுந்து மலையில் கரன்ட்டும் இல்லை, டவரும் இல்லை. சனிக்கிழமை போன 'அழி' என்ற உத்தரவு அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் நடுவில் ஒரு வாடகை சர்வர் அந்த உத்தரவை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கரன்ட் வந்த நிமிஷம் டவரோடு பெட்டியும் விழித்து, கேட்டு, சொன்னபடி அழித்துவிடும். சர்வரை நிறுத்தலாமென்றால், அவசரத்தில் பாஸ்வேர்டை மூன்று தரம் தப்பாக அடித்து, என் கணக்கு என்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டது.

"வா, வெரசா" என்று அவளைக் கூட்டிக்கொண்டு குரங்கணிக்குப் போய், லோடு ஜீப்பில் ஏறினேன். கரன்ட் வரவேண்டும் என்று வேண்டாத நாளில்லை எங்கள் ஊரில். அன்றைக்குத்தான் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போனேன்.

தோட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, கம்பத்தடியில் மின்வாரியத்து லைன்மேன் ஒருவர் நின்றிருந்தார். கம்பியெல்லாம் இழுத்துக் கட்டியாகிவிட்டது.

"கரன்ட் எப்பண்ணே வரும்?"

"இந்தா, மேல ஏறி ப்யூஸ மாட்டிட்டா வந்துரும்."

"ஒரு அரை மணி நேரம் கழிச்சுப் போடுங்கண்ணே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு நாளா ஊரே என்னைய வையுது. நீங்க என்ன, போடாதங்கிறீங்க?"

நான் பெட்டி, சர்வர், உத்தரவு என்று ஏதேதோ உளறினேன். தங்கை ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

"எங்க வீட்டுக்காரரு செத்துப் போயிட்டாருண்ணே. அவரு பேசினது மேல ஸ்டோர்ல ஒரு பெட்டியில இருக்கு. கரன்ட் வந்தா அழிஞ்சு போயிரும்."

அவர் ஏணியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தார். "எனக்கும் பசிக்குது தாயி. தின்னுட்டுத்தான் ஏறுவேன். நீ போயிட்டு வா."

ஸ்டோரில் ஏலக்காய் மணம் மூக்கை அடைத்தது. வயரைப் பிடுங்கிப் பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். திரும்பி வரும்போது லைன்மேன் தூக்குச்சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, பாறையிலேயே உட்கார்ந்திருந்தார். "கெடச்சுச்சா?" என்றார். அவள் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். அதன் பிறகுதான் ஏணியில் கால் வைத்தார்.

வீட்டில் இன்டர்நெட்டை முதலில் பிடுங்கினேன். பிறகுதான் பெட்டிக்குக் கரன்ட் கொடுத்தேன். எல்லாம் இருந்தது. வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்தேன். அதை எந்த வயரோடும் சேர்ப்பதில்லை, இன்றும் அவள் பீரோவில்தான் இருக்கிறது. கழித்ததெல்லாம் போய் விழுவதற்கு என் பெட்டியில் ஒரு இடம் செய்து, அதற்குக் கூடை என்றே பெயர் வைத்தேன்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஏதோ ஒன்றை ஓடவிட்டேன். மழைச் சத்தத்துக்கு நடுவே மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"இங்க நல்ல மழை. பிள்ளை தூங்கிட்டாளா? நீ சாப்ட்டியா? சாப்ட்டேன்னு பொய் சொல்லாத."

காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"இல்ல மாமா" என்றாள் பெட்டியைப் பார்த்து. "இந்தா, இப்பச் சாப்பிடுறேன்."

நான் எழுந்து போய் அவளுக்குச் சோறு போட்டேன்.