ஆர்ட்டிசோக்கை வீட்டுக்குள் கொண்டுவந்த மாரி

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு என்று மனைவி கனடாவுக்குப் போனது ஐப்பசியில். தைப்பொங்கலோடு திரும்பிவிடுவாள் என்றுதான் பேச்சு. என்னையும் கூப்பிட்டாள். லண்டன் குளிரையே தாங்காதவன் அங்கே வந்து விறைக்கவோ, நீ போய்விட்டு வா என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன். இரண்டாம் நாளே லண்டன் குட்மேய்ஸ் பகுதியில் எங்கள் வீடு வெறிச்சோடிப் போனது.

போகும்போது அவள் என் பொறுப்பில் விட்டது பின்வளவில் நின்ற ஆர்ட்டிசோக் செடியை. மொட்டு சின்ன வாழைப்பூப் பொத்தி மாதிரி இருக்கும், அவித்து இதழ் இதழாகத் தின்பார்களாம். படத்தில் கண்டு ஆசைப்பட்டுக் கன்று வாங்கி நட்டாள். முதல் வருசம் சாம்பல் பச்சையில் இலை மட்டும்தான் விட்டது. மாரிக் குளிர் தாண்டினால்தான் மொட்டு வரும் என்றாள். முள்ளுச்செடிக்கு இந்த உபசாரமோ என்று பகிடி பண்ணினேன்.

கார்த்திகையில் உறைபனி விழுந்தது. இங்கே தமிழ் வீடுகளில் மாரிக்குச் செடி காப்பதென்றால் ஒரே வழிதான்: கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்கிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைப்பது. நானும் வேறொன்றும் யோசிக்கவில்லை. ஆர்ட்டிசோக்கை வேரோடு கிண்டி எடுத்து, வாளியில் வைத்து, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் குடியிருத்தினேன். அவள் ஆசையாக நட்டது, நான் பார்த்துக்கொண்டிருக்கச் சாகக்கூடாது என்ற பதற்றம்.

வீடியோவில் என் முதுகுக்குப் பின்னால் வாளியைக் கண்டதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இதென்ன வேலை? குளிர் பட்டால்தான் அது பூக்கும். வெளியில வையுங்கோ.”

குளிரில் கிடந்தால்தான் பூக்குமாம், என்ன செடியப்பா இது என்று புறுபுறுத்துக்கொண்டே திரும்ப நட்டேன். அடியில் ஈரம் தேங்கினால் அழுகிவிடும் என்று அவள் சொன்னபடி மண்ணை மேடாக்கி, இலைகளைக் கத்தரித்து, வைக்கோலால் மூடினேன். மழை விட்ட நேரமெல்லாம் போய் வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவளிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே.

தைப்பொங்கல் வந்தது. பேரனுக்குச் சளி, இப்போது விட்டுவிட்டு வர ஏலாது என்றாள். பங்குனியில் அடிக்கட்டையின் பக்கத்தில் முளை கண்டேன். உடனே படம் எடுத்து அனுப்பினேன். இனி ஓடி வந்துவிடுவாள் என்று நம்பினேன், மடையன். மகள் வேலைக்குத் திரும்புகிறாள், பிள்ளையை யார் பார்ப்பது என்று பதில் வந்தது.

ஆனியில் தண்டு உயர்ந்து, கைமுட்டியளவு மொட்டு வந்தது. தனியாக அவித்துத் தின்ன மனம் வரவில்லை. அப்படியே விட்டேன். ஊதா நிறத்தில் விரிந்தது, தேனீக்கள் விழுந்து புரண்டன. அவள் பார்க்காத பூ எனக்கு என்னத்துக்கு என்று எரிச்சலாக வந்தது. அவளை அந்த இடத்தில், என் பக்கத்தில், நின்று பார்க்கவைக்க வேண்டும் போலிருந்தது.

அன்றே தொலைபேசியில், எப்போது வருகிறாய் என்று கேட்டேன். நீங்கள் இங்கே வந்துவிடுங்களேன் என்றாள் அவள். செடியை யார் பார்ப்பது, அடுத்த மாரிக்கும் மூடவேண்டுமே என்று நான் சாட்டுச் சொன்னேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்:

“செடிக்கு நீங்கள் வேணும். எனக்கு வேண்டாமோ?”

இத்தனை வருசக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டு இப்படிக் கேட்டதில்லை. நீ இல்லாமல் இருக்க ஏலவில்லை என்று நானும் ஒருநாள் சொன்னதில்லை.

“வாறன்,” என்றேன்.