அம்மா தூங்கக் கூடாது

அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில் நடந்தது இது. அப்போது எனக்கு ஆறு வயது. அப்பா தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தார். ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்து படுத்தவர், மறுநாள் விடிந்தபோது எழுந்திருக்கவில்லை.

வீடு நிறைய ஆட்கள். நான் அப்பாவின் பக்கத்தில் போய் அவரை உலுக்கினேன். யாரோ ஒரு அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா தூங்குதாங்க, எழுப்பாதட்டி" என்றாள். நானும் எழுப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா திரும்பி வரவேயில்லை.

ஆறு வயது மூளைக்கு அதில் விளங்கியது ஒன்றுதான். தூங்கினால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பாவை நான் எழுப்பியிருந்தால் விட்டிருப்பார்கள்.

அன்றிலிருந்து அம்மாவைத் தூங்கவிடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அவள் கண் அசந்தால் போதும், காதைப் பிடித்து இழுப்பேன். "என்னட்டி?" என்று பதறி எழுவாள். தண்ணீர் வேண்டும் என்பேன். மறுபடி எழுப்பி, வயிறு வலிக்கிறது என்பேன். உண்மையான காரணத்தை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று பயம். வயிற்றில் பூச்சி என்று நினைத்து எனக்கு விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். பள்ளிவாசலில் மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவேன். வீட்டுக்கு வந்தால் மறுபடி காவல்தான்.

அம்மா அப்போது மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம், நல்ல மழையில் நனைந்துகொண்டு வந்தாள். சாப்பிடக்கூட இல்லை. தலையைத் துவட்டாமல் அப்படியே தரையில் சாய்ந்தாள்.

வழக்கம்போலக் காதை இழுத்தேன். அசையவில்லை. கிள்ளினேன். கத்தினேன். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அம்மா எழுந்திருக்கவே இல்லை.

வெளியே ஓடினேன். எதிர்வீட்டுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம் புதிதாகக் குடிவந்திருந்தது. அந்த வீட்டு அக்கா கைக்குழந்தையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அதுவரை நாங்கள் அவளோடு பேசியதுகூட இல்லை. "எங்கம்மா தூங்கிட்டாங்க!" என்று அலறினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "தூங்கட்டுமே. அதுக்குப் போயி அழுவாங்களா?"

"எங்கப்பாவும் தூங்குனாங்க. தூக்கிட்டுப் போயிட்டாங்க!"

அவள் முகம் மாறிவிட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே ஓடிவந்தாள். அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூக்கருகே விரலை வைத்தாள். பிறகு தன் குழந்தையை அம்மா பக்கத்தில் கிடத்திவிட்டு, என் கையைப் பிடித்து அம்மாவின் வயிற்றின்மேல் வைத்தாள்.

"ஏறி ஏறி எறங்குதா?"

"ம்."

"மூச்சு விடுதாங்க. இதுதான் தூக்கம். எத்தன நாளாத் தூங்காத உடம்போ, அதான் நீ கூப்பிட்டது கேக்கல."

நான் கையை எடுக்கவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஒங்கப்பா தூங்கல மக்கா. அவங்க மவுத்தாயிட்டாங்க. செத்துப் போயிட்டாங்க. தூங்குறது வேற, அது வேற."

அந்த வார்த்தையை அதுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை. எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நான் எழுப்பியிருந்தா எந்திரிச்சிருப்பாங்களா?"

"இல்ல மக்கா. டாக்டர் வந்து எழுப்பியிருந்தாலும் எந்திரிச்சிருக்க மாட்டாங்க. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல."

அப்பா போனபிறகு அன்றைக்குத்தான் நான் அப்பாவுக்காக அழுதேன். அவள் தடுக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுது முடித்ததும், நெஞ்சில் கிடந்த ஒரு பெரிய கல்லை யாரோ எடுத்துப் போட்டதுபோல இருந்தது. அம்மாவுக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் இருந்த இடத்தில் படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

கண் விழித்தபோது மழை விட்டிருந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். "இத்தன நாளும் இதுக்காகவாட்டி எழுப்புன?" என்று கேட்டு, சிரிப்பும் அழுகையுமாக என்னை அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அவளை எழுப்பவில்லை. எங்களுக்குள் அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் அதன்பிறகுதான்.

அந்தக் குடும்பம் அடுத்த வருஷமே குர்லாவுக்குப் போய்விட்டது. அந்த அக்காவின் முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் இன்றும் துக்கம் கேட்கப் போகிற வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பக்கத்தில் போய்த்தான் முதலில் உட்காருகிறேன். அவர்கள் எதைக் கேட்டாலும் மழுப்பாமல் உள்ளதைச் சொல்லும் தைரியத்தை எனக்குக் கொடுத்தவள் அவள்தான்.